‘பயப்படாதீங்க’ என்று சொல்லாத டாக்டர்

போன வாரம் ஒரு நாள் காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அரியமங்கலத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பழனிவேலின் பெயர் தெரிந்தது. அவர் காலை வேளையில் அழைக்கிறவர் இல்லை. கொரோனாக் காலத்தில் என்னோடு ஒட்டிக்கொண்ட ஒரு நோய் இன்னும் என்னை விடவில்லை. எதிர்பாராத நேரத்தில் போன் அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் தோன்றும். கையிலிருந்த கரண்டியை மாவுக்குள்ளேயே விட்டுவிட்டு எடுத்தேன்.

“மேடம், டாக்டரம்மா போயிட்டாங்க” என்றார். “கேட்டுக்குக் கொண்டி மாட்டித் தரச் சொல்லியிருந்தாங்க, அதுக்காகத்தான் வெள்ளெனவே வந்தேன். வந்து பார்த்தா லூர்தும்மா வாசல்ல நிக்கிறாங்க. அழக்கூட இல்ல மேடம், சும்மா நிக்கிறாங்க. நீங்க வாங்க.”

டாக்டர் பிலோமினா சவரிமுத்து. கொரோனாக் காலத்தில் நம் உதவிக் குழுவில் இருந்த எல்லோருக்கும் பிலோ டாக்டர். லூர்து அவருடைய தங்கை. அக்காவும் தங்கையுமாக கே.கே. நகர் வீட்டில் கல்யாணம் செய்துகொள்ளாமலே ஒன்றாக இருந்தவர்கள். ஒரு வருடமாகவே டாக்டரின் இதயம் தளர்ந்துகொண்டு வந்தது நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்தக் காலையில் நான் அதற்குத் தயாராக இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் காவிரிப் பாலத்தைக் கடந்தபோது, எங்கே போகிறோம் என்பதே ஒரு கணம் மறந்துபோய், கைப்பையில் முகக்கவசம் இருக்கிறதா என்று துழாவிப் பார்த்தேன்.

அடக்கத்துக்குக் கோயில் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். பூசையின் நடுவே பின்வரிசையில் யாரோ தொண்டை கரகரக்க இருமினார்கள். முன்னால் இருந்த தலைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பின. அந்தத் திரும்பலில் நம் எல்லோருடைய அந்த வருடங்களும் இருந்தன. பாதிரியாரின் குரல்கூட ஒரு நொடி நின்று பிறகுதான் தொடர்ந்தது. டாக்டர் இருந்திருந்தால் அதைக் கவனித்திருப்பார். கவனித்ததைச் சொல்லியும் இருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பிலோ டாக்டர் திருச்சியில் பிறந்து, இங்கேயே கான்வென்டில் படித்து, மருத்துவரானவர். ஆனால் வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதியை வெளிநாடுகளில், கொள்ளைநோய் பரவும் இடங்களுக்குப் போகும் பன்னாட்டு மருத்துவக் குழுக்களில் கழித்தார். கடைசியாக ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு நாட்டில் இருந்தார். அதற்குமேல் முடியாது என்று ஊருக்குத் திரும்பி, தங்கையோடு அமைதியாக இருக்கலாம் என்று நினைத்திருந்தார். அப்போதுதான் ஊரடங்கு வந்தது. அவரும் வேறு சில மருத்துவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து, பங்குச் சாமியார் திறந்துவிட்ட ஒரு சர்ச் கூடத்தில் தகவல் உதவிக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். வெளிநாட்டிலிருந்தும் டெல்லியிலிருந்தும் ஆங்கிலத்தில் வந்து குவியும் சுகாதார அறிவிப்புகளை ஆட்டோ ஒலிபெருக்கியில் சொல்லக்கூடிய தமிழாக மாற்ற வேண்டும். மக்கள் போன் செய்தால் பதில் சொல்ல வேண்டும். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

போவதா வேண்டாமா என்று ஒரு முழு நாள் யோசித்தேன். அப்போது ஸ்ரீரங்கம் எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கோபுர வாசலைச் சாத்தியிருந்தார்கள். உத்திர வீதியில் நின்றால் உள்ளே மணி அடிப்பது கேட்கும், ஆள் நடமாட்டம் இருக்காது. சாத்திய கதவைப் பார்த்து நின்ற இடத்திலேயே கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் யாரும் வந்துவிடுவார்களோ என்று பின்வாங்கி நடப்பார்கள். எதிர்வீட்டு மாமி வாசலில் போட்ட பால் பாக்கெட்டைக் கம்பால் இழுத்து எடுப்பார். என் கணவர் சம்பத் கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். அவர் வீடு திரும்பும் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் நான் வெந்நீர் வாளியோடு கொல்லைக் கதவருகே போய் நிற்பேன். எதைத் தொட்டாலும் பயம், தொடாமல் இருந்தாலும் பயம்.

முதல் நாள் நான் எழுதிக்கொண்டுபோன அறிவிப்பை டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முதல் வரியிலேயே பேனா நின்றது. ‘பொதுமக்கள் அச்சம் கொள்ள வேண்டாம்’ என்பது அந்த வரி.

“இது மூலத்துல இருக்கா?”

“இல்ல டாக்டர். நம்ம ஊர் அறிவிப்புன்னா இப்படித்தான் ஆரம்பிக்கும்.”

“நீங்க பயப்படலையா?”

நான் என் கையைப் பார்த்தேன். பாலத்தில் போலீஸ்காரர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அந்த அட்டையை விரல்நுனியால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“பயமாத்தான் இருக்கு” என்றேன்.

“எனக்கும்தான். ரெண்டு பயந்தாங்கொள்ளிங்க உட்கார்ந்துக்கிட்டு ஊருக்குப் பயப்படாதேன்னு எழுதினா யாரு நம்புவாங்க? அடிங்க அந்த வரியை.”

அடித்தேன். அந்தக் கூடத்தில் நாங்கள் இருந்த காலம் முழுவதும் அந்த வாக்கியம் எந்த அறிவிப்பிலும் வரவில்லை. போனில் பேசுகிறவர்களும் ‘பயப்படாதீங்க’ என்று சொல்லக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. “பயப்படுறவங்களுக்கு ஒரு வேலை கொடுங்க. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்க, தண்ணி குடிக்கச் சொல்லுங்க, சாயங்காலம் மறுபடி போன் பண்ணச் சொல்லுங்க. வேலை இருந்தா பயம் கொஞ்சம் ஒதுங்கி உட்காரும்” என்பார்.

முகக்கவச விஷயத்தில் நடந்தது நம்மில் சிலருக்கு நினைவிருக்கும். நோயில்லாதவர்களுக்கு அது தேவையில்லை என்று ஆரம்பத்தில் வந்த வழிகாட்டுதலை நான்தான் தமிழாக்கி, நான்தான் கேபிள் டிவிக்குப் படித்தும் கொடுத்தேன். சில வாரங்களில் வழிகாட்டுதல் மாறிவிட்டது. எல்லோரும் அணிய வேண்டும் என்றார்கள். குழுவில் இருந்த செல்வராஜ் சார், மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், சட்டென்று ஒரு வழி சொன்னார்.

“புதுசை மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம் டாக்டர். பழசை ஏன் ஞாபகப்படுத்தணும்? நம்பிக்கை போயிடும்.”

“அவங்க மறந்துட்டாங்கன்னு நினைக்கிறீங்களா சார்? நாம மறைக்கிறோம்னு தெரிஞ்சா அன்னைக்குத்தான் நம்பிக்கை போகும். நேத்து இப்படிச் சொன்னோம், இன்னைக்குத் தெரிஞ்சது இதுன்னு சொல்லணும். வேதா, உங்க குரல்லயே சொல்லுங்க.”

சொன்னேன். அறிவிப்பு ஒளிபரப்பான அன்றே ஒரு பெண் போனில் வந்து வெளுத்து வாங்கினார். “நேத்து வேண்டாம்னீங்க, இன்னைக்கு வேணும்ங்கிறீங்க. எங்க உயிர் என்ன உங்களுக்கு விளையாட்டா?” நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் போனை வாங்கிக்கொண்டார். “ஆமாம்மா, அப்படித்தான் சொன்னோம். அப்ப எங்களுக்குத் தெரியாது. நாளைக்கும் ஏதாவது மாறலாம், மாறினா நாங்களே சொல்லுவோம்” என்றார். பிறகு அந்தப் பெண், வீட்டில் பழைய வேட்டி இருக்கிறது, அதில் தைக்கலாமா என்று கேட்டார்.

எனக்கு அது ஆறுதலாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாளைக்கு மாறலாம் என்பதுதான் என் காதில் நின்றது. உலகத்தின் பெரிய மருத்துவர்களுக்கே தெரியவில்லை என்றால் நாம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? அன்று வீடு திரும்பும்போது பாலத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. மலைக்கோட்டையைப் பார்க்கக்கூடத் தோன்றாமல் வண்டியை விரட்டினேன்.

அவர் ஏன் இப்படிப் பிடிவாதமாக இருக்கிறார் என்பது ஒரு மதியம் தெரிந்தது. கூடத்து வாசலில் ஆளுக்கொரு மூலையில் தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்த ஆப்பிரிக்க நாட்டில் நடந்ததைச் சொன்னார்.

அங்கே போன புதிதில், மக்கள் நோயின் கடுமையை உணரட்டும் என்று ஊர் ஊராக ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம்: ‘இது கொல்லும் நோய், இதற்கு மருந்து இல்லை, நோய் கண்டவர்களை உடனே சிகிச்சை மையத்துக்கு அனுப்புங்கள்.’ அடுத்த வாரத்திலிருந்து ஊர்கள் காலியாயின. நோயாளிகளைக் காட்டுக்குள் கொண்டுபோய் ஒளித்துவைத்தார்கள். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண்மணி இவரை நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

“‘மருந்து இல்லைன்னு நீங்களேதான் சொல்றீங்க. அப்புறம் வண்டி அனுப்பி எங்கே கொண்டுபோறீங்க, எதுக்குக் கொண்டுபோறீங்க?’ன்னு கேட்டா. நாங்க தலையிலிருந்து கால்வரைக்கும் வெள்ளையா மூடிக்கிட்டு நிக்கிறோம். எங்க கண்ணுகூட அவளுக்குத் தெரியல. பேயி வந்து பிள்ளையைக் கேட்டா கொடுப்பாளா?”

டீ ஆறிவிட்டது. அவர் குடிக்கவில்லை.

“அதுக்கப்புறம் என்ன பண்ணினீங்க?”

“உடுப்பை வண்டியில போட்டுக்கிட்டு, சாதாரண ஆளாப் போய் தூரத்துல நின்னு பேசுவோம். அவங்க பார்க்கப் பார்க்க ஒவ்வொண்ணா மாட்டிக்குவோம். செத்தவங்க முகத்தைக் காட்டாம புதைக்கிறதில்லன்னு முடிவு பண்ணினோம். அதுக்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா வெளியே வந்தாங்க. நாங்க மைக்ல சொன்னதையெல்லாம்விட அதுதான் அவங்களை நம்ப வச்சுது. ஆனா அந்தப் பொம்பளையோட பிள்ளை காட்டுலயே போயிடுச்சு.”

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகுதான் பழனிவேலின் போன் வந்தது. எடுத்தது நான். பெயர் சொல்லவில்லை. தாழ்ந்த குரலில், தெரிந்தவர் வீட்டில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, வீட்டிலேயே என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். “கூட்டிட்டுப் போனவங்க யாரும் திரும்பலையாமே மேடம். பிளாஸ்டிக்ல சுத்தி எரிச்சுட்டுச் சாம்பலைக் கொடுப்பாங்களாம். அது யாரோட சாம்பல்னே தெரியாதாம். வாட்ஸ்ஆப்ல வந்துச்சே” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. தெரிந்தவர் வீடு இல்லை, அவர் வீடுதான். நான் போனை டாக்டரிடம் நீட்டினேன்.

“உங்க சம்சாரமா?” என்று டாக்டர் கேட்டார். அந்தப் பக்கம் அழுகை உடைந்தது. பெயர் பழனிவேல், மனைவி தனம் என்றெல்லாம் அதன் பிறகுதான் தெரிந்தது. டாக்டர் இவ்வளவுதான் சொன்னார்: “நான் உங்க தெருவுக்கு வரேன். தெருமுனையில நிப்பேன். என்னைப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.”

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். ஆம்புலன்ஸைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார். நாங்கள் அந்தத் தெருவுக்குள் திரும்பியதுமே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நண்பகல் வெயிலில் தெரு மொட்டையாகக் கிடந்தது. வீடுகளுக்கு முன்னால் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டிருந்தார்கள். நான் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தேன். தொண்டை அரிப்பதுபோல் இருந்தது. அரிப்பு நிஜமா பயமா என்று பிரிக்க முடியவில்லை.

டாக்டர் சாதாரணப் பருத்திப் புடவையில் இறங்கினார். பழனிவேல் கதவைப் பாதி திறந்தார். டாக்டர் நல்ல தூரத்தில் நின்று, முகக்கவசத்தை ஒரு கணம் இறக்கி முகத்தைக் காட்டிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

“என் பேரு பிலோமினா. கே.கே. நகர்ல இருக்கேன். உங்க சம்சாரத்தை இப்ப கூட்டிட்டுப் போகலைன்னா இந்த வீட்லயே மூச்சு நின்னுடும். கூட்டிட்டுப் போனா பிழைக்க வழி இருக்கு.”

“திரும்பி வந்துடுவாளா?”

“சத்தியம் பண்ண மாட்டேங்க. பண்ணினா பொய். தினமும் நானே உங்களுக்குப் போன் பண்றேன். என்ன நடந்தாலும் என் வாயால சொல்றேன். வேற யாரும் சொல்லித் தெரிஞ்சுக்க மாட்டீங்க. நடக்கக்கூடாதது நடந்தா, அவங்க முகத்தை நீங்க பார்க்காம எதுவும் நடக்காது.”

பிறகு பையிலிருந்து பாதுகாப்பு உடுப்பை எடுத்து, அந்த மனிதர் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார். கையுறை மாட்டும்போது அவர் விரல்கள் நடுங்கியதைக் காருக்குள்ளிருந்தே பார்த்தேன். ஆம்புலன்ஸ் ஆட்களோடு உள்ளே போனார். தனத்தை உயிரோடு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பச்சைப் போர்வைக்குள் சிறிய உருவம். ஸ்ட்ரெச்சரில் போகும்போது அந்தப் பெண் கணவரைப் பார்க்கவில்லை, வானத்தையே பார்த்துக்கொண்டு போனார். சாத்தியிருந்த ஜன்னல்களுக்குப் பின்னால் யாரோ ஒரு குழந்தையை ‘உள்ளே வா’ என்று அதட்டினார்கள்.

திரும்பும்போது டாக்டர் பின் இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, “இன்னும் நடுங்குது பாரு வேதா” என்றார். அன்றிலிருந்துதான் என்னை ஒருமையில் அழைக்க ஆரம்பித்தார்.

தனம் பிழைக்கவில்லை. தாமதமாகிவிட்டது. டாக்டர் தினமும் பழனிவேலிடம் பேசினார். நல்லதைக் கூட்டாமல், கெட்டதைக் குறைக்காமல் சொன்னார். கடைசி நாள் போன் செய்யவில்லை. நேரில் போய், அதே தூரத்தில் நின்று சொன்னார்.

ஓயாமாரிச் சுடுகாட்டில் அன்று நானும் இருந்தேன். வண்டியிலிருந்து இறக்கிய ஊழியர்கள் சின்ன வயதுக்காரர்கள். பையைத் திறக்கத் தயங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். “எங்களுக்கும் வீட்ல ஆளுங்க இருக்காங்கம்மா” என்று ஒருவர் கெஞ்சுவதுபோலச் சொன்னார். டாக்டர் குரலை உயர்த்தவில்லை. “தெரியும் தம்பி. எனக்கும் பயம்தான். அவரு தொடமாட்டாரு. தூரத்துல நின்னு பார்ப்பாரு, அதுக்கு அனுமதி இருக்கு. முகம் வரைக்கும் திறந்தாப் போதும். உங்களுக்குப் பயமா இருந்தா நான் திறக்கிறேன்” என்றார். அவரே திறந்தார்.

காவிரிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. பழனிவேல் கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “அவதான்” என்றார். “அவதான் டாக்டர். மூக்குத்தி இருக்கு.” அவ்வளவுதான். அந்த மனிதரை அரித்துக்கொண்டிருந்த அத்தனை பயங்களிலும் எது பெரியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேறு யாரோ ஒருவருக்குக் கொள்ளி வைத்துவிடுவோமோ என்பதுதான் அது.

அதற்குப் பிறகு டாக்டர் ஒரு வாக்கியத்தை அறிவிப்பில் சேர்க்கச் சொன்னார்: ‘இறந்தவரின் முகத்தைக் குடும்பத்தார் தூரத்தில் நின்று பார்க்கலாம்.’ செல்வராஜ் சார் பதறிவிட்டார். “ஆட்டோவுல மைக் வச்சு சாவைப் பத்திப் பேசுறதா? ஜனங்க அரண்டு போயிடுவாங்க டாக்டர்!” டாக்டர் களைத்துப் போயிருந்தார். “அவங்க ராத்திரி பகலா அதைத்தானே சார் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நாம பேசலைன்னா வாட்ஸ்ஆப் பேசும்” என்றார். இருவரும் அன்று ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமலே போனார்கள். அந்த வாக்கியம் சேர்க்கப்பட்டது. நான்தான் எழுதினேன். எழுதும்போது என் வீட்டு ஆட்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

அரியமங்கலத்தில் அந்த அறிவிப்பைப் படிக்கப் பழனிவேல் தானே முன்வந்தார். தனிமைக் காலம் முடிந்து, இளைத்துப் போய் வந்து நின்றார். ஆட்டோவில் ஏறி நான் கொடுத்த தாளைப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். “நான் வெல்டிங் பட்டறை பழனி பேசுறேங்க. என் பொண்டாட்டி தனம் செத்துட்டா. உங்க எல்லாருக்கும் தெரியும். அவ முகத்தை நான் பார்த்தேன். அவளைத்தான் எரிச்சோம். நான் பயந்துக்கிட்டு அவளை வீட்லயே வச்சிருந்தேன். நீங்க வச்சிருக்காதீங்க. மூச்சு வாங்குச்சுன்னா உடனே கூட்டிட்டுப் போங்க.” ஆட்டோ மெதுவாக நகர்ந்தது. அவர் அதையேதான் ஒவ்வொரு தெருவிலும் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று மாலைக்குள் அந்தப் பகுதியிலிருந்து எங்களுக்குப் போன்கள் வரத் தொடங்கின. யாரும் ‘தெரிந்தவர் வீட்டில்’ என்று சொல்லவில்லை. எங்க அப்பாவுக்கு, என் தங்கச்சிக்கு என்றார்கள். டாக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சிரிக்கவில்லை.

இரண்டாம் அலையில் பயம் என் வீட்டுக்குள்ளேயே வந்தது. சம்பத்துக்குக் காய்ச்சல். ஊரில் படுக்கை கிடைப்பது அரிதாகிவிட்ட நாட்கள். கொள்ளிடத்துப் பக்கமும் காவிரிப் பக்கமும் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாமல் கேட்டது. ஒரு பிற்பகல் அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, “வேதா, மூச்சு முழுசா இறங்க மாட்டேங்குது” என்றார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து டாக்டருக்குப் போன் செய்தேன்.

“அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க டாக்டர்.”

அவர் பேசுவதற்குள் மறுபடியும் கேட்டேன்.

“டாக்டர், தயவுபண்ணிச் சொல்லுங்க. பொய்யாவாவது சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன் வேதா” என்றார். “விரல்ல மாட்டுற மீட்டர் இருக்கில்ல, அதுல என்ன காட்டுதுன்னு பார்த்துச் சொல்லு. அவரைக் குப்புறப் படுக்க வை. நெஞ்சுக்குக் கீழ ஒரு தலைகாணி. நான் லைன்லயே இருக்கேன். போய்ப் பார்த்துட்டு வா.”

அந்த நிமிடத்தில் அவரை வெறுத்தேன். இத்தனை நாள் கூட வேலை செய்த எனக்கு ஒரு பொய்யைக்கூடத் தர மாட்டாரா என்று இருந்தது. ஆனாலும் எழுந்து போனேன், பார்த்தேன், சொன்னேன். மீட்டர் இன்னின்ன அளவுக்குக் கீழே போனால் கிளம்ப வேண்டும், எந்தத் துணிமணியை எடுத்து வைக்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுநாள் அவரே அலைந்து ஒரு படுக்கை பிடித்துக் கொடுத்தார். சம்பத் பிழைத்து வந்தார். வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபோது இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தார். லூர்து ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “நீ அழுதுக்கிட்டே போன் பண்ணினியே, அன்னைக்கு அக்கா போனை வச்சுட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. ‘அந்தப் பொண்ணு கேட்டதைக் கொடுக்க முடியலையே லூர்து’ன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. ஒரு வாய் சாப்பிடல.”

எல்லாம் ஓய்ந்தது என்று மற்றவர்கள் சொன்ன பிறகும் அவருக்கு ஓயவில்லை. சாலையில் சைரன் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று காது கொடுப்பார். அது தேய்ந்து மறைந்த பிறகுதான் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். “இன்னொண்ணு வரும் வேதா. எப்பன்னு தெரியாது, வரும்” என்று அடிக்கடி சொன்னார். பரிசு தருகிறோம், பேச வாருங்கள் என்று கூப்பிட்டவர்களிடமும் அதையேதான் சொன்னார். அதனால் இரண்டாம் முறை யாரும் கூப்பிடவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது சென்ற மாதம் ஒரு மதியம். சாய்வு நாற்காலியில் தலையணைகளை முதுகுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். கால்கள் வீங்கியிருந்தன. பேசும்போது நடுநடுவே மூச்சு அறுந்தது. கல்லூரிக் கதைகள் கேட்டார், சம்பத்தைக் கேட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, “பயமா இருக்கு வேதா” என்றார். “படுத்தா மூச்சு முட்டுது. தனம் மாதிரி மூச்சுக்குத் தவிச்சவங்க முகமெல்லாம் வருது. அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு டாக்டரா எனக்குத் தெரியும்னு நினைச்சிருந்தேன். தெரியல. இப்பத்தான் தெரியுது.”

வெளியே ஐஸ் விற்கிறவர் மணி அடித்துக்கொண்டு போனார்.

“அவசரமாப் போகணுமா?” என்று கேட்டார்.

“இல்ல டாக்டர்.”

“அப்ப கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போயேன்.”

நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டேன். லூர்து கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனார். மூச்சு ஏறும், நிற்கும். நிற்கும்போதெல்லாம் என் மூச்சும் நிற்கும். பிறகு இறங்கும். பெயர்கள், பாராட்டுகள், அவர் போன நாடுகள் எல்லாம் அவரோடு போகட்டும். என்னிடம் அவருடையதாக இருப்பது அந்த மதியம்தான். ஒருவரின் பயத்துக்குப் பக்கத்தில், நம் பயத்தையும் வைத்துக்கொண்டே, ஓடாமல் உட்கார்ந்திருக்க முடியும் என்பதை அவரிடம்தான் கற்றேன். வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டித் தரையில் இறங்கும்வரை அங்கேயே இருந்தேன். அவர் கை கொஞ்சம் சில்லென்று இருந்தது. பயந்துகொண்டேதான் பிடித்திருந்தேன். விடவில்லை.